எதிர்ப்பக்கம் பேசியவள்

காலையில் எழுந்ததும் நாடிவளையைத் தட்டிவிட்டுத்தான் எங்கள் ஊரில் யாரும் வேறு வேலை பார்ப்பார்கள். கையில் மாட்டிய அந்த வளை இரத்த அழுத்தம் பார்க்கும், சர்க்கரை பார்க்கும், மாதம் பிறந்தால் மருத்துவப் பொதுக்காப்புக்கான பங்கைச் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கூடும் தூத்துக்குடிக் காப்பவையில் யார் எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று சொல்லும் வேலை.

"உனக்கு என்ன வந்திருக்கு?" என்று டெல்பினைக் கேட்டேன். என் தம்பி கஸ்பாரின் மனைவி. அடுப்படியில் நின்றபடியே கையை நீட்டினாள். வளையில் 'மறுப்புப் பக்கம்' என்று எரிந்துகொண்டிருந்தது.

வேறு என்ன வரும்? எங்கள் காப்பவையின் விதியே அதுதான். காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் கட்டுப்படியாகாமல் கடையைக் கட்டிய பிறகு, எந்தச் சிகிச்சையைப் பொதுக்காப்பில் சேர்ப்பது என்று மாவட்ட மக்களே விவாதித்து முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். முதல் சில வருஷம் அவை இழவு வீடு மாதிரிதான் இருந்ததாம். பத்துச் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து அழுதவனுக்குச் சிகிச்சை கிடைத்தது, அழ ஆளில்லாதவன் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள். உனக்கு எது வேண்டுமோ அதற்கு எதிராகத்தான் நீ பேச வேண்டும். உன் பக்கத்தை, அது வேண்டாம் என்று நினைப்பவன் பேசுவான். உன் மனசு எதற்கு அடித்துக்கொள்கிறது என்பதை நாடிவளை பார்த்துச் சொல்லிவிடும்.

அன்றைய தீர்மானம் நுண்தையல். மணலைவிடச் சின்னதான எந்திரங்களை இரத்தத்தில் விட்டு, கிழிந்த இதயத்தை உள்ளேயே தைக்கிற சிகிச்சை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கஸ்பாருக்கு இப்போது கட்டிலிலிருந்து குளியலறைவரை நடந்தால் மூச்சு வாங்குகிறது. அடுத்த அவை கூடும்வரை தாங்குவான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நுண்தையல் இன்றைக்குக் காப்பில் சேர்ந்தால் பிழைப்பான். அதைச் சேர்க்காதே என்று இவள் பேச வேண்டும்.

"இங்க பாரு, ஒப்புக்கு நாலு வார்த்தை பேசிட்டு உக்காந்திரு. வளைக்கு ஆசைதான் தெரியும், நீ பாடுபட்டுப் பேசுதியா இல்லையான்னு தெரியாது. எல்லாரும் அதைத்தான் பண்ணுதாக," என்றேன்.

"பாப்போம் மதினி," என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான். வாயில் விரலை விட்டாலும் வார்த்தை வராது. என் தம்பி இவளிடம் என்னத்தைக் கண்டானோ என்று கல்யாணத்திலிருந்தே நான் முணுமுணுப்பது வழக்கம்.

அவையில் நுண்தையலுக்கு ஆதரவாகப் பேசியவள் பேச்சித்தாய். உப்பளக்காரி. காப்புப் பங்கு இன்னும் ஏறினால் அவள் வீட்டில் உலை வைப்பதே பாடு. அதனால்தான் வளை அவளை இந்தப் பக்கம் தள்ளியிருந்தது. மேடையேறியவள் ஒப்புக்குப் பேசவில்லை.

"அளத்துல ஒரு பாத்திக்கு வரப்பு உடைஞ்சா, அது யாரு பாத்தின்னு நாங்க கேட்டுக்கிட்டு நிக்க மாட்டோம். மண்ணை அள்ளிக்கிட்டு எல்லாரும் ஓடுவோம். இன்னைக்கு அந்தப் பிள்ளை வீட்டுக்காரருக்கு இல்லேன்னு சொல்லிட்டு, நாளைக்கு என் வீட்டுக்குன்னா நான் எந்த முகத்தோட இங்க வந்து கேக்க?"

எனக்கு அங்கேயே எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இனிமேல் டெல்பின் சும்மா இருந்தாலே போதும்.

டெல்பின் எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு பேசினாள், அப்படியொரு பேச்சை நான் அந்த அவையில் கேட்டதில்லை.

"இந்த எந்திரத்தைச் செய்யுறது ஒரே ஒரு கம்பெனி. வேற வழியில்லாம நாம வருவோம்னு தெரிஞ்சுதான் அவன் விலை வச்சிருக்கான். இன்னைக்குச் சரின்னா, அடுத்த வருஷம் அவன் கேக்குறதுதான் விலை. அதுக்கு எங்கேருந்து எடுப்போம்? அளத்துப் பக்கம் இருக்குற காய்ச்சல் ஆஸ்பத்திரியை மூடுவோம். பிரசவத்துக்குக் குறைப்போம். பங்கு கட்ட முடியாதவுக காப்பை விட்டே போயிருவாக. அவுக செத்தா நமக்குப் பேரு கூடத் தெரியாது. பேச்சித்தாய் அக்கா சொன்ன வரப்பு இருக்கே, அதைக் கட்ட நாம அள்ளுற மண்ணு இன்னொருத்தர் வரப்புல உள்ள மண்ணு. இந்த மாவட்டம் முடியாதுன்னு சொன்னா, பக்கத்து மாவட்டமும் சொல்லும். அப்பத்தான் அவன் விலை இறங்கும். அதுவரைக்கும் பொறுக்க முடியாத உயிர் இருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

குரல் நடுங்கவே இல்லை. கணவன் பெயரை ஒரு தடவை கூட எடுக்கவில்லை. எனக்கு அவள் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. அதே சமயம் அவளைப் பார்த்து என் உடம்பு சிலிர்த்தது உண்மை. இப்படி ஒருத்தி என் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாளே, இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

மண்டபத்தில் இருந்தவர்கள் கையைத் தூக்கினார்கள், வீட்டில் இருந்தவர்கள் வளையைத் தட்டினார்கள். தீர்மானம் தோற்றது. டெல்பின் ஜெயித்துவிட்டாள்.

தோற்றவர் ஜெயித்தவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பது காப்பவை வழக்கம். பேச்சித்தாய் கொண்டுவந்தாள். பங்கு ஏறாமல் அவள் குடும்பம் தப்பித்தது, ஆனால் தேநீர் பாதி தட்டில் சிந்திக் கிடந்தது. "உனக்காகப் பேசி ஜெயிக்க முடியலையேம்மா," என்று அழுதாள். டெல்பின் அந்தத் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தாள். குடித்துவிட்டுப் பேச்சித்தாயின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வீட்டு வாசற்படி ஏறும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி இப்படிப் பண்ணின?"

"அரைகுறையாப் பேசி வாங்கினா அது திருட்டு மதினி. உள்ளது எல்லாத்தையும் சொன்ன பிறகும் ஊரு சரின்னு சொல்லும்னு நெனச்சேன். அப்படி வாங்கிட்டு வந்து கொடுக்கணும்னு நெனச்சேன்."

கஸ்பார் கட்டிலில் சாய்ந்திருந்தான். சுவர்த்திரையில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"என்னா பேச்சு பேசிட்ட! நானும் உன் பக்கம்தான் வளையைத் தட்டினேன்," என்றான்.

டெல்பின் அப்படியே நின்றாள். "தட்டினியா? நீயுமா?" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "முழுசாப் பேசியும் நான் தோக்கணும்னுதான்டா நெனச்சேன்!"

"தெரியும். ஆனா நீ சொன்னது சரியா இருந்துச்சே," என்றான் கஸ்பார்.

அவள் கையை ஓங்கிக்கொண்டு அவன்மேல் பாய்ந்தாள். ஓங்கிய கை அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. அந்த நெஞ்சில் அடிக்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஓங்கிய கையோடு அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.