மஞ்சள் சுடர்

சுடர் மஞ்சளாக இருந்தது. வீட்டைச் சூடாக்க அன்று அவன் பொருத்திய கேஸ் பாய்லரின் சிறு கண்ணாடி வழியே அது சோம்பலாக நெளிவதை மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். நீலமாக, விறைப்பாக நிற்க வேண்டிய சுடர். ஏன் இப்படி என்று யோசிக்கத் தொடங்கினான். யோசனை பாதியிலேயே எங்கோ வழுக்கி விழுந்தது.

மதியத்திலிருந்து கொட்டிய பனி மலைப்பாதையை அடைத்திருந்தது. "இதுல எங்க போவீங்க தம்பி? நாளைக்கு இறங்கலாம்" என்று வீட்டுக்கார அண்ணன் அவனைப் பிடித்து உட்காரவைத்திருந்தார். அவர் மனைவி ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பழைய துணியைத் திணித்துவிட்டாள். புதிதாகச் சூடு கண்ட குழாய்கள் சுவருக்குள் டிக், டிக்கென்று முனகின. உலரும் கம்பளியின் ஈர நெடியும் புது பெயின்ட் காயும் வாசனையும் கலந்து, அறை ஒரு பெரிய போர்வையைப் போல அவன்மீது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுண்ணே."

"மலைக்கு வந்தா அப்படித்தான். எம் மச்சான் இங்க வந்தாலே வாந்தியெடுத்துக்கிட்டு வாளியும் கையுமாத்தான் உட்கார்ந்திருப்பான்." அண்ணன் சிரித்தார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு எனக்கே என்னமோ பண்ணுது."

மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு எதற்குத் தலைவலி?

மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. விரலில் தட்டுப்பட்டது ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. சுடருக்குக் கேஸ் விடும் நாசில்.

உயரத்தில் காற்று மெலிவு. அதனால் கேஸும் குறைவாக வர வேண்டும். அதற்கென்றே பெட்டியில் தனியாக வைத்திருந்த, துளை சிறுத்த நாசில். பொருத்தும்போது கைக்கு எட்டும்படி பையில் போட்டுக்கொண்டான். முதலில் பற்றவைத்துத் தண்ணீர் ஒழுகுகிறதா பார்ப்போம், பிறகு மாற்றலாம். கீழே ஊரில் எத்தனையோ வீடுகளில் பழகிய கை அது. தண்ணீர் ஒழுகவில்லை. வீடு சூடாயிற்று. வீட்டுக்கார அக்கா டீ கொடுத்தாள்.

மாற்றவில்லை.

பாதி எரிந்த கேஸின் விஷப்புகைக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது; ரத்தத்தில் ஏறிய பிறகுதான் தோலில் சிவப்பாகத் தெரியும். வெளியே புகைக்குழாயின் வாயைப் பனி மூடியிருக்கும். உள்ளே, ஜன்னலில் துணி.

எழுந்தான். எழுந்ததாக நினைத்தான். கால்கள் நாற்காலியிலேயே கிடந்தன. கேஸை அடைக்கும் வால்வு எதிர்ச் சுவரில், நாலே எட்டில்.

"அண்ணே... ஜன்னல..."

அண்ணனின் தலை மார்பில் தொங்கியிருந்தது. கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, டீ மடியில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"அக்கா... கதவு..."

குரல் உதட்டைத் தாண்டவில்லை. அக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்து, கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கண் பாதி செருகியிருந்தது.

"பாருங்க தம்பி," என்றாள் குழறலாக. "குளிர்ல நீலம் பாரிச்சுக் கிடந்த பிள்ள... கன்னம் எப்படிச் செவந்திருச்சு. உங்க புண்ணியம்."

குழந்தையின் முகம் அவன் பக்கம் இருந்தது. சிவப்பு. அழகான சிவப்பு.

விரல்கள் தளர்ந்தன. நாசில் தரையில் விழுந்து, உருண்டு, பாய்லருக்கு அடியில் போய் நின்றது.

அக்காவின் கை குழந்தையைத் தட்டியது. நின்றது. தட்டியது.

நின்றது.

அடுத்த தட்டலுக்காக அவன் காத்திருந்தான்.