அலமாரி ஸ்டூடியோ

கரண்டி கீழே விழுந்தது, சத்தம் வரவில்லை.

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். எவர்சில்வர் கரண்டி, கல் தரை. இரண்டும் மோதினால் தெருக்கோடி நாய்கூட எழுந்து வந்து விசாரித்துவிட்டுப் போகும். எடுத்து மறுபடி போட்டார். ஊஹூம். காது அடைத்துவிட்டதோ என்று மூக்கைப் பிடித்து ஊதினார். ஆனால் கூடத்து மின்விசிறியின் கறகறப்பும், மனைவி தன் தம்பியிடம் போனில் சிரிப்பதும் பளிச்சென்று கேட்டன. நாற்காலியை இழுத்தார், கைதட்டினார், இருமினார். அவரால் எழும் சத்தம் மட்டும்தான் காணாமல் போயிருந்தது.

எல்லாம் காலையில் செய்த காரியம்.

மனைவியின் தம்பி பெரிய ஒலிப்பதிவாளன். அவன் ஸ்டூடியோவில் கொசு நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையும். “வீட்டுல பதிவு பண்ணா வீட்டு இரைச்சலும் கூடவே வரும் மாமா. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று அவன் கேட்டதில் டாக்டரின் மீசை ஒரு வாரம் துடித்தது. இத்தனை காலம் சமையலறைக்கு மட்டுமே பாடிய மனைவியின் முதல் பாட்டு, தன் கையால்தான் பதிவாக வேண்டும். படுக்கையறைச் சுவரில் ஆள் நிற்கும் அளவுக்கு இருந்த துணி அலமாரியைக் காலி செய்தார். உள்ளே மூன்று மெத்தை, குறுக்கே கனத்த போர்வைத் திரை, கதவு விளிம்பெங்கும் ரப்பர் பட்டை. “இனி காத்துகூட டோக்கன் வாங்கிட்டுத்தான் உள்ள வரணும்!” என்று மார்தட்டினார். கொண்டி மட்டும் வெளிப்பக்கம். “உள்ள ஒண்ணு போடுங்களேன்” என்றாள் மனைவி. “நான் என்ன திருடனா, உள்ளருந்து பூட்டிக்க?”

பாடி முடித்தாள். மச்சான் போனிலேயே பாடம் எடுத்திருந்தான்: “மைக்கை மட்டும் ஓடவிட்டுட்டு வெளிய வந்துடுங்க. ஆளில்லாத அறையோட சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டணும். அதுல கேட்ட எல்லாத்தையும் குப்பைன்னு எடுத்துக்கிட்டுப் பாட்டுலருந்து துடைச்சிடும்.”

பெற்ற பிள்ளையைச் சந்தையில் விடுவதுபோல மைக்கைத் தனியே விட டாக்டருக்கு மனம் வரவில்லை. உள்ளேயே நின்றார். மூச்சு விட்டார். முழங்கால் சொடுக்கியது, வயிறு ஏதோ முணுமுணுத்தது. கம்ப்யூட்டர் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டது. பொத்தானைத் தட்டினார். சொத்தைப் பல்லைப் பிடுங்கியதுபோல் இரைச்சல் அத்தனையும் போயிற்று. பாட்டு மட்டும் தூய்மையாக நின்றது. அப்போதே மச்சானுக்கு அனுப்பியும் வைத்தார்.

இப்போது புரிந்தது. குப்பையோடு தன்னையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தார்.

அலமாரிக்கு ஓடினார், காலடி ஓசை இல்லை. கதவைத் திறந்தபடியே விட்டு, போர்வைக்குப் பின்னால் புகுந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துடைத்ததை மீட்க வழி தேடினார். பஞ்சும் பழைய வியர்வையும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. மைக்கை முடுக்கி, “ஆ” என்றார். கம்ப்யூட்டர் திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு அசையவில்லை. கத்தினார். கோடு நேராகவே கிடந்தது.

கோடு துள்ளியது.

மச்சானின் குரல். மைக் வழியாக, காதுக்குள். போனில் பேசிக்கொண்டே வீட்டுக்கே வந்துவிட்டிருந்தான்.

“அக்கா, நான் தோத்தேன்! என் ஸ்டூடியோவுலகூட இவ்வளவு சுத்தமா வராது. உள்ள ஆளே இல்லாத மாதிரி இருக்கு. மாமா எங்க? கால்ல விழணும்.”

“கிளினிக்குக்குக் கிளம்பிட்டாரு போல, சத்தத்தையே காணோம்.”

“சரி, நீ வா. ஸ்டூடியோவுல எல்லாரும் கேக்கணும்னு காத்திருக்காங்க. வர ராத்திரி ஆயிடும்.”

“இரு, அலமாரியைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்காரு பாரு. தூசி உள்ள போயிடும்.”

டாக்டர் பாய்ந்தார். ஹெட்போன் வயர் கழுத்தை இழுத்தது. போர்வை முகத்தில் சுற்றியது.

கதவு மூடியது. கோடு ஒருமுறை துள்ளியது.

கொண்டி. இன்னொரு துள்ளல்.

பிறகு ரப்பர் பட்டை தன் வேலையைச் செய்தது.

இரண்டு முஷ்டியாலும் இடித்தார். உதைத்தார். தலையால் மோதினார். மூச்சு வாங்கியது, அதுவும் கேட்கவில்லை. மெத்தையில் ஈரமாக ஏதோ படர்ந்தது. அவர் கை ரத்தம்.

இருட்டில் கம்ப்யூட்டர் திரை மட்டும் ஒளிர்ந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

பச்சைக் கோடு. நேராக.