அமைதியான மேகத்தில் ஒரு கொலை

பகல் 12.10.

துப்புரவுக்கு வந்த பெண் முதலில் பார்த்தது செருப்பைத்தான். ஒற்றைச் செருப்பு, கான்கிரீட் மேடையின் கிழக்கு ஓரத்தில் கிடந்தது. நாலடி தள்ளி, மடங்கக் கூடாத பக்கம் மடங்கிய ஒரு கால். அதற்கு மேலே இருந்ததைப் பார்த்தவள் துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். இடுப்பு நொறுங்கிக் கிடந்தது. தலையின் பின்பக்கம் பிளந்திருந்தது, முடியெல்லாம் ரத்தம் காய்ந்து கயிறாகியிருந்தது.

செத்தவளுக்கு இருபத்தாறு வயது. ஆராய்ச்சி மாணவி. அந்த வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை விடாத ஒரு பெண்ணுக்கு, படித்தவர்கள் கூடும் இடத்தில் வேறு பெயர் கிடைப்பதில்லை.

12.45க்கு ஜீப் வந்தது. இறங்கிய பெண் இன்ஸ்பெக்டரை அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டேஷனே கத்தரி என்றுதான் கூப்பிடும். யார் பேச்சையும் பாதியில் வெட்டிவிடுவார். அவருக்கும் அது தெரியும். வருத்தமில்லை.

தலைக்கு மேலே, முப்பது மீட்டர் அகலத்துக்கு ஒரு இரும்புத் தட்டு மேற்கே சாய்ந்து நின்றது. நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் வாயு மேகங்கள் அனுப்பும் ரேடியோ அலைகளை அள்ளும் தட்டு. அதற்கு வெயிலும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான். தட்டின் முதுகில் ஒரு சின்ன அறை தொங்கியது. அலைகளை வாங்கும் கருவி அதற்குள் இருக்கிறது. தட்டு நேராக வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும்போது மட்டும்தான் ஏணி அந்த அறையோடு சேரும். சாய்ந்துவிட்டால் ஏணிக்கும் அறைக்கும் நடுவில் வெறும் காற்று.

"ஆளைப் பிடிச்சாச்சு மேடம்" என்றார் ஏட்டு. அவர் முகத்தில் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கை தெரிந்தது. "தட்டுக்காரன். இந்தத் தட்டை ஓட்டறவன். நேத்து கேன்டீன்ல இந்தப் பொண்ணு இவனப் புடிச்சு கத்தியிருக்கா. இன்னிக்கு அந்த நேரத்துல வெளியில நடமாடினது இவன் ஒருத்தன்தான். வந்ததும் வராததுமா சட்டைய அவுத்து அலசிக் காயப் போட்டிருக்கான். ரிப்போர்ட் பாதி எழுதிட்டேன்."

"மீதிய எழுதாதீங்க."

தட்டுக்காரர் கட்டுப்பாட்டு அறையின் வாசற்படியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது. முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து என்ன சண்டை?"

"அந்தப் பாப்பா கேட்ட பக்கம் தட்டத் திருப்ப மாட்டேன்னேன். பேராசிரியர் சார் திருப்பக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. எனக்கு அவர்தானே சம்பளத்துல கையெழுத்துப் போடறாரு."

"இன்னிக்கு?"

"பத்தே முக்காலுக்கு தட்ட மேற்கே, சார் ஆராய்ச்சி பண்ற அந்த வாயு மேகத்து மேல வெச்சேன். சார் வந்து, போய் டீ சாப்பிட்டு வா, நான் பாத்துக்கிறேன்னாரு. போனேன். மழை பிடிச்சுக்கிச்சு. விட்டதும் கொஞ்ச நேரம் பேசிட்டு, பன்னண்டு மணிக்குத் திரும்பினேன்."

"சட்டை ஏன் நனைஞ்சது?"

"தண்ணி கொட்டிச்சு மேடம்."

"மழை பதினொன்னரைக்கே விட்டாச்சு."

"தெரியும். ஆனா தட்டுக்குக் கீழ மேற்குப் பக்கமா வர்றப்ப மேலருந்து குடம் குடமா கொட்டிச்சு. கண்ணு, மூக்கு எல்லாம் தண்ணி. நிமிந்துகூடப் பாக்கல. ஓடிப் போய் சட்டைய அலசிக் காயப் போட்டேன்."

ஏட்டு சிரித்தார். "உனக்குன்னு வானத்துல தனிக் குழாயா போட்டு வெச்சிருக்காங்க?"

"தட்டு திரும்பினா சைரன் ஊதுமே. கேட்டுச்சா?" என்றார் கத்தரி.

"சைரன் போய் ஒரு வருஷம் ஆச்சு. தட்டோட வடிகால் ஓட்டையில பறவை கூடு கட்டி அடைச்சிருக்கு, அதையும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. யாரு கேக்கறா?"

1.20க்கு ஒரு பைக் கேட்டை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. செத்தவளின் அண்ணன். லாரிப் பட்டறையில் வெல்டர். கையில் ஜாக்கி கம்பி. யார், எவன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தில் எவனோ விரலை நீட்டினான், அது போதுமாயிருந்தது. முதல் அடி தட்டுக்காரரின் தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில். ஒரு பல் படியில் தெறித்தது. மூன்றாவது மண்டையில் இறங்கியிருக்கும். கத்தரி குறுக்கே புகுந்து அவன் மணிக்கட்டைத் திருகினார். கம்பி கீழே விழுந்ததும் அதன் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"விடுங்க மேடம். இவனக் கொன்னுட்டு நானே வந்து உள்ள உக்காந்துக்கிறேன்."

"கொன்னது இவர்தான்னு எனக்கே இன்னும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் மூச்சிரைத்தான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. தரையில் உட்கார்ந்து, எண்ணெய்க் கறை படிந்த கையாலேயே முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கறுப்பானது.

"நாங்க யாரும் எட்டாவது தாண்டல மேடம். சின்னது மட்டும்தான் படிச்சுது."

"கடைசியா எப்பப் பேசினீங்க?"

"நேத்து சாயங்காலம். ஒரே குஷி. எனக்கு ஒரு மண்ணும் புரியல. அந்த மேகத்துக்குள்ள பெருசா ஒரு நட்சத்திரம் பிறந்திருக்காம். பிறந்ததும் பிறக்காததுமா ரெண்டு பக்கமும் பீய்ச்சி அடிச்சு, பெத்த மேகத்தையே கிழிக்குதாம். இனிமே பிறக்க வேண்டிய தம்பி தங்கச்சிக்கு வெச்சிருந்த வாயுவையெல்லாம் ஊதித் தள்ளுதாம். அப்ப நீயும் அப்படித்தானேன்னு கேட்டேன், வீட்டுல எனக்கு எதையும் மிச்சம் வெச்சதில்லைல்ல. சிரிச்சா." அவன் கையைப் பேன்ட்டில் துடைத்தான். "அந்த அடி பட்டுப் பக்கத்துல இருக்கிற நீராவி கத்துதாம். அது திரையில வர்ற கோட்டுல முள்ளு மாதிரி நிக்குமாம். எட்டு நாளா ஏறிட்டே இருக்கு, போன வாரத்துக்கு மூணு மடங்குன்னா. சார் நம்பல, மெஷின் கோளாறுங்கிறாரு, நாளைக்கு அவர் மூஞ்சிக்கு நேராவே காட்டறேன்னா."

கட்டுப்பாட்டு அறையில் பேராசிரியர் நாற்காலியை விட்டு எழவில்லை. இருபது வருடமாக இந்த மேகத்தை வைத்தே பெயர் வாங்கியவர். இன்று மாலை ஒரு கூட்டம் இருந்தது. இதைவிடப் பெரிய தட்டு ஒன்றை அவருக்குக் கட்டித் தருவதா வேண்டாமா என்று அதில் முடிவாகும்.

"பத்தே முக்கால்லருந்து பன்னண்டு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"இங்கேயே. தட்டு அந்த மேகத்த விட்டு அசையல. கம்ப்யூட்டரப் பாருங்க."

"அதுக்குப் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட." அவர் திரையைத் தட்டினார். இன்றைய தேதி, காலை நேரம், கீழே ஒரு கோடு. நடுவில் வழுவழுப்பாக ஒரு மேடு, தூங்கும் பன்றியின் முதுகு மாதிரி. "இது அந்த மேகத்தோட நீராவி. தட்டு சாஞ்சிருந்தா மேல யாரும் ஏற முடியாது. ஆக அவ கீழதான் இருந்தா. கீழ அவளோட இருந்தது யாருன்னு உங்களுக்கே தெரியும். இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்? மேகம்னா என்னன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"பி.எஸ்ஸி. பிசிக்ஸ். எங்க வீட்டுல அதுதான் முதல் டிகிரி. சுருக்கமா சொன்னா போதும்."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "குளிர்ந்த வாயு. தன் எடையாலேயே மெல்ல உள்ள சுருங்குது. நடுவுல சூடேறி நட்சத்திரம் உருவாகும். அதுக்கு லட்சக்கணக்கான வருஷம். இது ரொம்ப அமைதியான மேகம்."

"நேத்துக்கு இன்னிக்கு மாறாது?"

"உங்க பேரனுக்குப் பேரன் வந்து பாத்தாலும் இதே கோடுதான்."

"முள்ளு ஒன்னு பாத்ததா அந்தப் பொண்ணு சொன்னாளாமே."

"மெஷின் கோளாறு. அத விளங்கிக்கிற பக்குவம் அவளுக்கு இல்ல."

2.15. பிணத்தைப் பரிசோதித்து முடித்த மருத்துவர் கையுறையைக் கழற்றினார். "தலையில ஒரே அடி. பின்னாலருந்து. கனமான இரும்பு, ஸ்பேனர் மாதிரி. ரத்தம் கொட்டியிருக்கு. ஆனா காலும் இடுப்பும் விலாவும் உடைஞ்ச இடத்துல ரத்தமே கசியல. செத்து முக்கால் மணிக்கு மேல ஆனப்புறம் உடைஞ்சிருக்கு."

"எப்படி உடையும்?"

"நல்ல உயரத்துலருந்து விழுந்தா."

"மேல ஏறவே முடியாதுங்கிறாங்களே."

"எலும்புக்கு அது தெரியாதே."

கத்தரி தட்டின் மேற்குப் பக்கம் நடந்தார். பாதையில் ஒரு கட்டில் அளவுக்குச் சரளைக்கல் அரித்துப் பள்ளமாகியிருந்தது. மழை அப்படி ஒரே இடத்தில் தோண்டாது. பள்ளத்தில் ஈரமான வைக்கோல், சுள்ளி, இரண்டு இறகு. குனிந்து ஒரு சுள்ளியை எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தட்டின் விளிம்பைப் பார்த்தார்.

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பியபோது தட்டுக்காரரையும் அண்ணனையும் கூடவே அழைத்து வந்தார். ஏட்டு கதவை மறித்து நின்றார்.

"அந்த மேகம் இப்ப எங்க?"

"மேற்கே இறங்கிட்டிருக்கு." பல் போன வாயில் தட்டுக்காரருக்குச் சொல் கொழகொழத்தது. "மூணரைக்கு மறைஞ்சிடும்."

"திருப்புங்க."

"இது அனுமதி இல்லாம..." என்று எழுந்தார் பேராசிரியர்.

"உக்காருங்க."

மோட்டார் முனகியது. தட்டு மெல்ல இறங்கியது. திரையில் முதலில் புல் மாதிரி இரைச்சல். பிறகு அதன் நடுவிலிருந்து ஒரு முள் எழும்பியது. காலையில் காட்டிய மேடு அதன் காலடியில் கூழாங்கல் மாதிரி கிடந்தது.

"கோளாறு" என்றார் பேராசிரியர். "நான் சொன்னேன்ல. இதே கோளாறுதான்."

"கோளாறுன்னா எங்க திருப்பினாலும் இருக்கணும். பக்கத்துல காலியா இருக்கிற வானத்துக்குப் போங்க."

தட்டு நகர்ந்தது. முள் காணாமல் போனது. வெறும் புல்.

"திரும்ப வாங்க."

முள் வந்தது.

அண்ணனுக்கு நடப்பது புரியவில்லை. பேராசிரியரின் முகம் வெளுப்பது மட்டும் தெரிந்தது.

"எட்டு நாளா இந்த முள்ளு இருக்கு. இன்னிக்குக் காலையில நீங்க காட்டின கோட்டுல மட்டும் இல்ல. ஏன்னா அது இன்னிக்கு எடுத்ததே இல்ல. போன மாசமோ போன வருஷமோ எடுத்தது. மேல தேதிய மாத்தி ஒட்டினீங்க."

"இதெல்லாம் வெறும் ஊகம்."

"தட்டுக்காரர் சட்டை ஊகமா? வடிகால் அடைச்ச தட்டுல மழைத்தண்ணி தேங்கணும்னா அது கிண்ணம் மாதிரி நிமிந்து நிக்கணும். சாஞ்சிருந்தா மழையோட மழையா அப்பவே வழிஞ்சு போயிருக்கும். மழை பெய்யறப்ப தட்டு நேரா மேல பாத்துட்டு நின்னுது. ஏணி சேந்திருந்தது. இவரு டீக்குப் போன கையோட நீங்கதான் நிமித்தினீங்க. கோளாறு இல்லன்னு காட்ட அவ மேல போனா. நீங்களும் போனீங்க. அங்க அவ காட்டிட்டா, இல்லையா?"

பேராசிரியர் நாற்காலியைத் திரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மெஷின் சரியா இருந்துது. உங்க அமைதியான மேகம் பொய்யாப் போச்சு, அதுவும் கூட்டத்துக்கு அஞ்சு மணி நேரம் முன்னால. கைக்கு ஸ்பேனர் கிடைச்சுது. மழை விடற வரைக்கும் பிணத்தோட உக்காந்திருந்தீங்க. இறங்கி வந்து, கோட்ட ஒட்டி, பன்னண்டு மணிக்குத் தட்டச் சாச்சீங்க. திறந்து வெச்ச கதவு வழியா அவ கிழக்கே விழுந்தா. தேங்கின தண்ணி கூட்டோட சேந்து மேற்கே இவரு தலையில விழுந்துது. அந்தத் தண்ணிய நீங்க நினைச்சே பாக்கல."

"அவ கத்தினா" என்றார் பேராசிரியர். "நேத்து முளைச்சவ. இருபது வருஷத்த ஒரு முள்ளு வெச்சுக் குத்தறா. அது இருக்கவே முடியாது. அந்த மேகத்துல அது இருக்க முடியாது."

"அங்கதான் மாட்டினீங்க சார். அவ சொன்னத ஒரு நிமிஷம் நம்பியிருந்தீங்கன்னா, நேத்தைய கோட்ட எடுத்து ஒட்டியிருப்பீங்க. முள்ளோட. எனக்கு ஒன்னுமே கிடைச்சிருக்காது, இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போயிருப்பாரு. அவளக் கொன்னப்புறமும் உங்களால அவள நம்ப முடியல."

அண்ணன் மேசையைத் தாண்டிப் பாய்ந்தான். நாற்காலி உடைந்தது. பேராசிரியரின் கண்ணாடி நொறுங்கி, கன்னத்தில் ரத்தம் வழிந்தது. ஏட்டும் இரண்டு காவலர்களும் சேர்ந்துதான் அவனைப் பிரிக்க முடிந்தது. கத்தரி அவசரப்பட்டு உதவிக்குப் போகவில்லை என்பதை ஏட்டு கவனித்தார். ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

விலங்கு மாட்டி வெளியே கொண்டுபோன பிறகு ஏட்டு திரும்பி வந்தார். "மேடம், தட்ட நிமித்தச் சொல்லுங்க. மேல அறையில ரத்தம், ஸ்பேனர் எல்லாம் இருக்கும். இப்பவே எடுத்துடலாம்."

கத்தரி திரையைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து நின்ற அண்ணனைப் பார்த்தார்.

"அது எங்கயும் போயிடாது. ஏணிகிட்ட ரெண்டு பேர காவல் வைங்க. மேகம் மறையட்டும்."

தட்டுக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, உடையாத நாற்காலி ஒன்றைக் காலால் தள்ளிவிட்டார்.

"உக்காருங்க தம்பி. இன்னும் அரை மணி நேரம்தான்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். "உங்க வாய்..."

"அத அப்புறம் பேசிக்கலாம். உக்காருங்க."

உட்கார்ந்தான். "சின்னது சொன்னது இதுல எது?"

தட்டுக்காரர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். சுற்றியிருந்த இரைச்சல் அடங்க அடங்க, முள் தெளிவாகிக்கொண்டே வந்தது.