நீர்யானைத் தீவில் ஒரு பெட்டித் தோட்டா

"என்னோடு வரத் துணிந்தவர்கள் யார் யார்? ஓர் அடி முன்னே வாருங்கள்!" என்று கர்ஜித்தார் கேப்டன் புன்னைவனம்.

முன்னே வர ஆளில்லை. வரவேண்டிய இரண்டு பேரும் ஏற்கெனவே படகில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. துடுப்புக்காரன் ஹமீசி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். செண்பகவடிவு மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, காலி மணல்வெளிக்குப் பிரசங்கம் செய்யும் அந்த மனிதரைப் பார்த்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ், மார்பில் எங்கேயோ விலைக்கு வாங்கிக் குத்திக்கொண்ட பதக்கங்கள். கேப்டனாம்! தார் எஸ் சலாம் துறைமுகத்தில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டியவர் எந்தப் படைக்குக் கேப்டன் ஆனாரோ, அந்தப் படைக்கே வெளிச்சம்.

"போதும், ஏறுங்க. வெயில் ஏறுது" என்றாள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓடும் ரூஃபிஜி ஆற்றின் நடுவே ஒரு தீவு. அதில் இடிந்த ஜெர்மன் கோட்டை. முதல் உலகப்போரில் தோற்று ஓடிய ஜெர்மன் படையின் சம்பள அதிகாரி ஒருவன், படையின் பொற்காசுகளை அங்கேதான் ஒளித்துவைத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு. போன மாதம் கேப்டன் செண்பகவடிவின் தம்பி தவசிமுத்துவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தங்கத்தைத் தேடிப் போனார். போனது இரண்டு பேர், திரும்பியது ஒருவர். "சிங்கம் அடிச்சிட்டும்மா! என் கண்ணு முன்னால!" என்று அழுதுவிட்டு, துக்க வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் போனார்.

ஒரு வாரம் கழித்து ஹமீசி வந்தான். ஆற்றில் மீன்பிடிக்கிறவன்; தமிழர் கடைகளுக்கு மீன் போட்டுப் போட்டுத் தமிழ் பழகியவன். "அக்கா, தீவுல புகை வருது. உன் தம்பி உயிரோடதான் இருக்கான். கால் உடைஞ்சிருக்குன்னு கத்திச் சொன்னான். நாங்க சுரைக்குடுக்கையில கருவாடு போட்டு மிதக்க விடுறோம். கிட்டப் போக முடியல, ஒரு கிழட்டு நீர்யானை படகையெல்லாம் புரட்டுது" என்றான்.

சிங்கம் எங்கே என்று கேட்டதற்குக் கேப்டன் கொஞ்சமும் கூசாமல், "சத்தம் சிங்கம் மாதிரிதான் இருந்துச்சு" என்றார். அவர் முகத்தில் விழிக்கவே செண்பகவடிவுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் நீர்யானைக்குத் தாங்கக்கூடிய பெரிய படகு அவரிடம் மட்டும்தான் இருந்தது. தங்கம் என்ற ஒரு வார்த்தைக்கு அந்தப் படகும் வரும், அவரும் வருவார். வரட்டும்!

படகு நகர்ந்தது. நகர்ந்த உடனே கேப்டன் சுடத் தொடங்கினார். கொக்கைச் சுட்டார், மிதந்து வந்த கட்டையைச் சுட்டார், ஒன்றும் இல்லாத இடத்தையும் சுட்டார். ஒன்றும் விழவில்லை. அவர்கள் இருவரிடமும் இருந்தவை ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் தள்ளிய ஒரே வகை ஜெர்மன் துப்பாக்கிகள். எத்தனையோ பேர் சுட்டுச் சுட்டு உள்குழல் தேய்ந்து அகன்றவை. கடைத் தோட்டாவின் குண்டு அந்தக் குழலில் பிடிப்பில்லாமல் வழுக்கி, வெளியே வந்ததும் தலைகுப்புறப் புரளும்.

செண்பகவடிவு சுடும் பந்தயங்களில் கோப்பை வாங்கியவள். அவள் கடைத் தோட்டாவைத் தொடமாட்டாள். குழலுக்குள் ஈயத்துண்டைத் தட்டிச் செலுத்தி, மறுபக்கம் எடுத்து அதன் தடிமனை அளப்பாள். அதற்கு ஏற்ற இரும்பு வளையம் ஒன்று வைத்திருந்தாள். தானே வார்த்த குண்டுகளை அந்த வளையத்துக்குள் அழுத்தித் தள்ளி, எல்லாவற்றையும் ஒரே அளவாக்கி, வெடிமருந்து நிறுத்துப் போட்டுத் தோட்டா கட்டுவாள்.

"குண்டுன்னா குண்டுதான்! அதுக்கு என்னத்துக்கும்மா தையக்காரன் மாதிரி அளவெடுக்கிறே?" என்று கேப்டன் சிரித்தார்.

"சட்டை தொளதொளன்னு இருந்தா மானம்தான் போகும், கேப்டன். குண்டு தொளதொளன்னு இருந்தா உயிரு போகும்."

தீவு கண்ணில் பட்டபோது கேப்டனிடம் ஒரு தோட்டாவும் மிச்சமில்லை. சுட்ட பித்தளைக் கூடுகள்தான் படகின் அடியில் உருண்டுகொண்டிருந்தன.

அப்போது ஆறு பொங்கியது! கருத்த முதுகு ஒன்று எழும்பியது. வாய் பிளந்தது. செண்பகவடிவு துப்பாக்கியில் இருந்த தோட்டாக்களை எல்லாம் சுட்டாள். ஆடுகிற படகில் ஒன்றுகூடச் சரியான இடத்தில் படவில்லை. மறுபடி நிரப்பத் தன் தகரப்பெட்டியைத் தேடிக் கை நீட்டினாள்.

"பாரத்தைக் குறை! பாரத்தைக் குறை!" என்று அலறிய கேப்டன், அந்தத் தகரப்பெட்டியைத் தூக்கி ஆற்றில் வீசினார். கட்டிய தோட்டாக்கள், வார்த்த குண்டுகள் எல்லாம் ஒரே முங்கில் போயின. தன் துப்பாக்கியையும் பதற்றத்தில் நழுவவிட்டார். தங்கம் அள்ளிவரக் கொண்டுவந்த பெரிய தோல்பெட்டியை மட்டும் அவர் எறியவில்லை. எப்படி எறிவார்? அதன்மேல்தானே உட்கார்ந்திருந்தார்!

நீர்யானை இடித்ததில் பக்கப்பலகை விரிந்தது. ஹமீசி கழியை ஊன்றி ஒரே தள்ளாகப் படகை மணலில் ஏற்றினான். மூவரும் கோட்டைக்கு ஓடினார்கள்.

"அக்கா!"

தவசிமுத்து எலும்பும் தோலுமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தான். காலைப் பலகைத் துண்டுகளால் தானே கட்டியிருந்தான். அந்தக் கால் ஒரு மரப்பெட்டிமேல் நீட்டியிருந்தது. வீங்கிப் பளபளத்தது, நாற்றம் வந்தது. செண்பகவடிவு குனிந்து காலைப் பார்த்தாள். இன்றைக்கே ஆஸ்பத்திரி போகாவிட்டால் கால் போய்விடும். இரண்டு நாள் போனால் தம்பியே போய்விடுவான்.

கேப்டன் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினார். எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை? ஊஹூம்!

"நாம தேடி வந்த இரும்புப் பெட்டிய நான் அப்பவே தோண்டி எடுத்துட்டேன், கேப்டன். காலி" என்று தவசிமுத்து குரல் கொடுத்தான். "இருந்ததெல்லாம் இந்தப் பழைய தோட்டாப் பெட்டி மட்டும்தான். நீர்யானையச் சுட்டுப் பார்ப்போம்னு எடுத்தேன். நீங்க விட்டுட்டு ஓடின பழைய துப்பாக்கியில போட்டு இழுத்தா, ஒண்ணுகூட வெடிக்கல."

கேப்டன் திரும்பி வந்து, ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை உதைத்தார். தவசிமுத்து வலியில் துடித்தான். "குப்பை! இந்தக் குப்பைக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்!"

செண்பகவடிவின் நினைப்பும் அதுவேதான். நாற்பது வருஷம் ஈரத்தில் கிடந்த தோட்டா குப்பைதான். ஆனால் குப்பையிலும் ஈயம் இருக்கும். அளவு வளையம், மருந்து டப்பா, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு எல்லாம் அவள் இடுப்புப் பையில் பத்திரமாக இருந்தன. கேப்டன் இறைத்த கூடுகள் படகில் கிடந்தன. அந்த மனிதர் பிரயாணத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அது! குண்டு ஒன்றுதான் வேண்டும்.

ஒரு பழைய தோட்டாவை எடுத்து, குண்டைப் பிடித்துத் திருகி இழுத்தாள். கூட்டைக் கவிழ்த்தாள். கையில் கொட்டியது மருந்து இல்லை.

"மணல்!" என்றான் ஹமீசி.

அவள் புருவம் சுருங்கியது. மருந்து கெடும், கட்டி தட்டும், மணலாகாது. யாரோ ஒருவன் வேண்டுமென்றே மணலைப் போட்டிருக்கிறான். சுடுவதற்கு இல்லாத தோட்டாவை எவனாவது மெனக்கெட்டுக் கட்டுவானா? உள்ளங்கையில் கிடந்த குண்டைக் குலுக்கிப் பார்த்தாள். கனத்தது. ஈயம் இவ்வளவு கனக்காது. வளையத்தில் வைத்தாள், நுழையவில்லை, ஒரு மயிரிழை தடிமன் அதிகம். கட்டையால் ஓங்கி ஒரு தட்டு! குண்டு மறுபக்கம் விழுந்தது. சாம்பல் நிறத் தோல் வளையத்தின் விளிம்பில் சுருண்டு நின்றது. விழுந்த குண்டின் இடுப்பு மஞ்சளாக மின்னியது.

"அக்கா... தங்கமா?" தவசிமுத்து எட்டிப் பார்த்தான். "அந்த ஜெர்மன்காரன் காசை உருக்கிக் குண்டா வார்த்து, மேல ஈயம் பூசியிருக்கானா? நான் இது மேல காலை நீட்டிக்கிட்டுக் கருவாடு தின்னுக்கிட்டு இருந்தேனே!"

கேப்டன் மண்டியிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டார். "ஒரு குண்டு தரமாட்டேன்! தங்கத்தைச் சுடுறதா? பைத்தியமா உனக்கு? நீர்யானை போறவரைக்கும் காத்திருப்போம். ஒரு வாரம், பத்து நாள்."

"இவன் கால் காத்திருக்குமா?"

அவர் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார். கவலைப்படவேண்டிய விஷயமாகவே அவருக்கு அது படவில்லை.

அவள் அவரோடு மல்லுக்கு நிற்காமல் அவர் தடுக்குமுன் பெட்டியிலிருந்து ஒரு பிடி தோட்டாக்களை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். வளையத்தில் இழைத்தாள். தங்கம் கனமானது, மருந்தைக் குறைக்கவேண்டும். வழக்கமாகப் போட்டால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். குறைத்துப் போட்டாள். மூன்றாவது தோட்டா கட்டி முடித்தபோது கரையில் சத்தம் கேட்டது.

ஹமீசி ஓடிவந்தான். "அக்கா! படகுப் பலகையைத் தட்டி முடிச்சிட்டு, கசிவை அடைக்க ஓலை எடுக்கப் போனேன். கேப்டன் பெட்டியோட படகை எடுத்துட்டுப் போறார்!"

மறுபடியும்! அதே தீவு, அதே ஆள், அதே ஓட்டம். செண்பகவடிவுக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைத் தட்டிவிடுகிறபோது வருகிற உணர்ச்சிதான் வந்தது.

அவள் கரைக்கு ஓடி, இடிந்த சுவரில் துப்பாக்கியைச் சார்த்திப் படுத்தாள். நடு ஆற்றில் வெள்ளைத் தொப்பி துடுப்புப் போட்டது. அதன் பின்னால் தண்ணீர் மேடுகட்டி வந்தது. அந்த நீர்யானை படகைப் புரட்டினால் தம்பிக்கு ஊர்போகும் வழி கிடையாது.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். வாய் பிளந்த நீர்யானையையும் பார்த்தார், கரையில் நீண்ட துப்பாக்கியையும் பார்த்தார். "ஐயோ, தங்கம்! வீணாக்காதே! சுடாதே!" என்று கூவினார். பிறகு இன்னொரு முறை நீர்யானையைப் பார்த்துவிட்டு, "சுடு! சுடு!" என்றார்.

முதல் குண்டு காதோரம் பட்டது. நீர்யானை தலையைச் சிலுப்பிக்கொண்டு திரும்பவும் பாய்ந்தது. இரண்டாவது குண்டு கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, நூல் பிடித்தாற்போல் நேராகப் போய் இறங்கியது. அந்தப் பெரிய உடம்பு அப்படியே நின்றது, சாய்ந்தது, அமிழ்ந்தது. மூன்றாவது தோட்டாவுக்கு வேலையில்லை.

படகுக்காகத்தான் சுட்டாள். அதற்குள் அவரும் இருந்தார், அவ்வளவுதான்.

ஹமீசி நீந்திப்போய்ப் படகைத் திருப்பிக் கொண்டுவந்தான். தவசிமுத்துவைத் தூக்கிக் கிடத்தினார்கள். எல்லோரும் ஏறியதும் விரிந்த பலகை வழியாகத் தண்ணீர் கசிந்தது.

"பாரத்தைக் குறைக்கணும்" என்றாள் செண்பகவடிவு. கேப்டன் பதறிக்கொண்டு தங்கப்பெட்டிமேல் விழுந்தார். அவள் குனிந்து, அவருடைய தோல்பெட்டியைத் தூக்கி ஆற்றில் விட்டாள். உள்ளே சாப்பாட்டுத் தட்டுகளும் மாற்று பூட்ஸும் கடகடத்தன. "எந்திரிங்க, கேப்டன். அந்தக் கசிவுல கைய வச்சு அடைச்சுக்கிட்டு வாங்க" என்றாள். அவர் அடைத்துக்கொண்டு வந்தார்.

தவசிமுத்துவின் கால் பிழைத்தது. ஊரே படகுத்துறையில் திரண்டு வரவேற்றது. சர்க்கார் தங்கத்தை எடுத்துக்கொண்டு, கண்டெடுத்தவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்தது. அதை அக்காவும் தம்பியும் ஹமீசியும் பிரித்துக்கொண்டார்கள். தீவிலிருந்து படகும் பெட்டியும் எப்படிக் கிளம்பின என்று ஹமீசி அதிகாரியிடம் சொன்ன பிறகு, கேப்டனுக்குப் பங்கு கேட்க வாய் வரவில்லை.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? கொஞ்ச நாளில் வீட்டுக்கே வந்துவிட்டார். தலையில் புதுத் தொப்பி. "ஏம்மா, அந்த நீர்யானை மண்டைக்குள்ள இன்னும் தங்கம் இருக்குல்ல? அதை அப்படியே விடலாமா? நான் ஒரு படை திரட்டுறேன். நீ வர்றியா?"

செண்பகவடிவு மேசையில் ஞாபகத்துக்கு வைத்திருந்த ஒரு பழைய தோட்டாக் கூட்டை எடுத்தாள். அன்றைக்கு அந்தப் பெட்டியைக் குப்பை என்று அவளும்தான் நினைத்தாள். அதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது: எதையும் கையில் எடுத்து, கனம் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்குவாள். ஆகவே கேப்டனையும் ஒருமுறை தலைமுதல் கால்வரை நிதானமாகப் பார்த்தாள். பதக்கம் மின்னியது. பூட்ஸ் மின்னியது.

பிறகு அந்தக் கூட்டைக் கவிழ்த்து, மிச்சமிருந்த மணலை அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

"நீங்களே போயிட்டு வாங்க, கேப்டன்" என்று சொல்லிவிட்டு, தம்பிக்கு மருந்து கொடுக்க உள்ளே போனாள்.