இறந்த இடம்: வீடு

கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டில், சிமென்டுத் தரையின்மேல், சொம்பு வைத்து எடுத்த அடையாளமாக ஓர் ஈர வட்டம் இருந்தது. காலையில் அந்த உள்ளறையைப் பெருக்கித் துடைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவள் சம்பூர்ணம். மாலையில் திரும்பி வந்து பூட்டைத் திறந்தவளும் அவளே. கணவன் மாரியப்பன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் வேறு எவரும் இல்லை. ஐப்பசி மழைக்கு ஓடு ஒழுகியிருக்கும் என்று அண்ணாந்து பார்த்தாள். ஓடு உலர்ந்திருந்தது. ஒழுகிய நீர் தரையில் பரவும். இப்படி வளையல் போல் நிற்காது. முந்தானையால் துடைத்தாள். நீர் வெதுவெதுப்பாக இருந்தது.

கையிலிருந்த மஞ்சள் பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பைக்குள் அன்று, 1976 நவம்பர் ஐந்தாம் தேதி, தாலுகா அலுவலகத்தில் வாங்கிய முத்திரைத் தாள் இருந்தது. மாரியப்பனின் முதல் மனைவி கங்கம்மாள் இறந்துவிட்டாள் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த தாள்.

அது வந்த வழி நேரானதன்று. மாரியப்பன் கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கும் ஆலையொன்றில் வேலை பார்த்தவன். அவன் மார்வலியால் போன பிறகு, மனைவிக்கு உணவுக்கூடத்தில் வேலை தருவதாக ஆலையில் சொன்னார்கள். ஆனால் அலுவலர் ஜெயராஜ் பணிப்பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல மனைவி பேரு கங்கம்மாள்னு இருக்கும்மா. நீங்க யாரு?”

“நான்தாங்க சம்சாரம். அது செத்துப்போயி பதினோரு வருஷம் ஆச்சு.”

“செத்துட்டாங்கன்னா அதுக்கு ரெக்கார்டு கொண்டாங்க. பதினஞ்சாம் தேதிக்குள்ள.”

நீங்கள் யார் என்ற அந்தக் கேள்வி புதியதன்று. ஒன்பது ஆண்டுகளாக அந்த வீட்டின் சுவர்கள் அவளைக் கேட்டுவந்த கேள்விதான். மாரியப்பன் உறக்கத்தில் அழைத்த பெயர் அவளுடையதில்லை. 1965 நவம்பர் 12 என்ற நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தான். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பழவேற்காட்டு இறால் வாங்கி வந்து, செத்தவளுக்குப் படைக்கச் சம்பூர்ணத்தையே சமைக்கச் சொன்னான். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், பட்டணத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்பது நாள் கிடந்து கங்கம்மாளைப் பார்த்துக்கொண்டதைச் சொல்வான். சொல்லும்போது அவன் முகத்தில் வரும் வெளிச்சத்தைச் சம்பூர்ணம் அடுக்களையிலிருந்து பார்ப்பாள். உயிரோடிருப்பவளோடு சண்டை போடலாம். மயிரைப் பிடித்து இழுக்கலாம். செத்தவளை எதைப் பிடித்து இழுப்பது?

ஊர்ப் பிறப்பு இறப்புக் கணக்கை எழுதும் கிராம முன்சீப் ஆதிநாராயணன் இரண்டு வழி சொன்னார்.

“பட்டணத்துல செத்தவங்க கணக்கு பட்டணத்துலதான் கீது. போயி மனு குடு, தேடிக் குடுப்பாங்க. இல்லாங்காட்டி, ஊட்லயே செத்துச்சு, பதிய மறந்துட்டோம்னு எழுதிக் குடு. தாசில்தார் உத்தரவு வாங்கி நானே பதிஞ்சிடறேன்.”

ஆஸ்பத்திரி என்று எழுதினால் அந்த நாற்பது நாளும் எழுத்தில் ஏறிவிடும். சம்பூர்ணம் யோசிக்கவேயில்லை.

“ஊட்லயே செத்துச்சுன்னு போடுங்க.”

“எந்த எடத்துல?”

“உள்ரூம்ல. கயித்துக் கட்டில்ல.”

“இன்னா நோவு? எத்தினி நாளு?”

“ஜொரம். எட்டு நாளு. பன்னெண்டாந் தேதி, பகல் மூணு மணிக்குப் போச்சு.”

“கூட இருந்தவங்க கைநாட்டு வேணும். யாரு இருந்தது?”

“நான்தான்.”

முன்சீப் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீ அப்ப கண்ணாலம் கட்டிக்கினு இந்த ஊருக்கே வரலியே. சம்சாரம்னு போட முடியாது. செத்தவளுக்குத் தங்கச்சின்னு போட்டுக்கறேன். ஒரு வகையில அதான முறை?”

தங்கை என்ற சொல் அவளுக்குப் புளித்தது. ஆயினும், அதன்கீழ்த் தன் பெயரை எழுத மனமில்லாமல், கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

தாள் கைக்கு வந்த மறுநாள், ஆறாம் தேதி, வீட்டில் ஒரு வாடை இருந்தது. அரைவேக்காட்டுக் கஞ்சி, வேப்பிலை, பல நாள் குளிக்காத தலையின் வியர்வை ஆகிய மூன்றும் கலந்து, சன்னலைத் திறந்தால் விலகி, மூடினால் கட்டிலைச் சுற்றி மீண்டும் கூடிக்கொள்ளும் வாடை. ஏழாம் தேதி கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். மாரியப்பன் படுத்துப் படுத்துக் கயிறு பள்ளமாகியிருந்தது. அது கலையக்கூடாதென்று மூன்று மாதமாக அவள் பாயிலேயே படுத்துவந்தாள். இப்பொழுது அந்தப் பள்ளத்தையொட்டி, சுவர்ப் பக்கமாக, இன்னொரு பள்ளம் விழுந்திருந்தது. சிறியது, மெல்லிய உடம்பு ஒன்று ஒருக்களித்துக் கிடக்கும் அளவு. கயிறு காய்ச்சல்காரியின் நெற்றியைப் போலச் சுட்டது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. அவன் பக்கத்தில் படுத்திருக்கிறாள் என்ற எரிச்சல்தான் வந்தது.

எட்டாம் தேதி அவள் தாளோடு ஆலைக்குப் போய், ஜெயராஜ் விடுப்பிலிருக்கிறார் என்று திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டுக் கிரேஸ் வேலியோரம் நின்றிருந்தாள்.

“இன்னாக்கா, ஊட்ல ஆளு படுத்துக்கினு கீது, நீ பாட்டுக்குப் பூட்டிக்கினு போற?”

“யாருமில்லியே.”

“எங்கிட்டயே மறைக்கிறியா? பகலெல்லாம் தண்ணி தண்ணின்னு முனகுது. மனசு கேக்காம சன்னலாண்ட போயி, நான் குடுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம், என் தங்கச்சி வந்து குடுக்கும்னு சொல்லிச்சு.”

அன்றிரவு சம்பூர்ணம் அடுக்களையில் படுத்தாள். மறுநாளும் அங்கேதான். உள்ளறையில் இருமல் கேட்டது. வறண்ட, பொறுமையான இருமல். பத்தாம் தேதி விடிந்ததும் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினாள். எழுத்தர் குப்புராஜ் தலையசைத்தார்.

“எழுதினத நாங்களா அடிக்க முடியாதும்மா. வேற எடத்துல செத்ததுன்னா, பட்டணத்துத் தலைமை ஆபீஸ்ல அசலுக்கு நகல் வாங்கினு வா. அத வெச்சி இத ரத்து பண்ணிடலாம்.”

பதினோராம் தேதி ரயிலேறிப் பட்டணம் போனாள். மாநிலத் தலைமைப் பதிவு அலுவலகத்தில் சந்திரகலா என்ற எழுத்தர் மனுவை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு மணி நேரத்தில் தடித்த கட்டு ஒன்றோடு திரும்பினாள். முகம் சுளிக்கவில்லை, அலைக்கழிக்கவுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த படிவங்களையே வரிசையாகத் தைத்து வைத்திருந்தார்கள்.

“இதோ இருக்கும்மா. கங்கம்மாள், வயசு இருபத்திநாலு. நவம்பர் பன்னெண்டு. உடனிருந்தவர் மாரியப்பன், கணவர். நகல் எழுதித் தரட்டுமா? பத்து நிமிஷந்தான்.”

அந்த நகல் போதும். ஆலைக்கும் அது செல்லும். வீட்டில் கிடப்பதும் ஓய்ந்துவிடும். சம்பூர்ணத்துக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அவள் மாரியப்பனின் கையொப்பத்தைப் பார்த்தாள். எதிலும் அவசரக் கிறுக்கலாகக் கையெழுத்துப் போடுபவன், அந்தத் தாளில் எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதியிருந்தான். கணவர் என்ற சொல்லின்மேல் துளி விழுந்து மை கரைந்திருந்தது.

இந்தத் தாள் ஆலைக் கோப்புக்குள் போகும். அங்கே அவன் என்றென்றைக்கும் கங்கம்மாளுடைய கணவனாக உட்கார்ந்திருப்பான்.

“வேணாம்மா,” என்றாள் சம்பூர்ணம். “இது வேற கங்கம்மா.”

மறுநாள், பன்னிரண்டாம் தேதி, மதியத்துக்குமேல், மழையோடு ஆலைக்குப் போய், தாலுகாவில் வாங்கிய தாளையே கொடுத்தாள். ஜெயராஜ் பழைய பெயரின்மேல் கோடிட்டு, அருகில் சம்பூர்ணம் என்று எழுதி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். அவள் அந்த மை உலரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டை நோக்கி நடந்தாள். கால் துணிவாக விழுந்தது. இனி அவள்தான் மனைவி. அது எழுத்தில் இருக்கிறது. கண்டவளெல்லாம் வந்து படுப்பதற்கு அந்த வீடு சத்திரமில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

பூட்டு திறந்து கிடந்தது.

உள்ளறைக் கதவைத் தள்ளினாள். மழை வெளிச்சம் சாம்பலாகச் சன்னலில் நின்றது. கட்டிலில், சுவர்ப் பக்கமாக, ஒருத்தி ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கூந்தல் வியர்வையில் கழுத்தோடு ஒட்டியிருந்தது. ஆயினும் இளமை போகாத முகம். இருபத்து நான்கு வயது. சம்பூர்ணத்துக்கு முப்பத்தாறு.

சொல்ல வந்ததைச் சொல்வதற்காக அவள் கட்டிலருகே போனாள்.

“வந்துட்டியா, தங்கச்சி?”

மெல்லிய குரல். அதில் கோபமில்லை. கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு சம்பூர்ணத்தின் மணிக்கட்டைப் பற்றியது. சூடு. அவள் இழுத்தாள். பிடி தளரவில்லை. இழுக்க இழுக்கச் சூடு ஏறியது. முழங்கைக்கு. தோளுக்கு. கழுத்துக்கு. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. கட்டிலில் கிடந்தவளின் முகம் வற்றிய நிலையிலிருந்து மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது. வெடித்த உதடு கூடியது. கன்னம் நிறைந்தது.

தொலைவில் ஆலைச் சங்கு ஊதியது. மூன்று மணி.

வாசலில் செருப்புக் கழற்றும் ஓசை.

அவளுக்குத் தெரிந்த ஓசை. ஒன்பது ஆண்டு கேட்ட ஓசை. எந்திர எண்ணெயின் வாடை அறைக்குள் வந்தது. பின்னால் மாரியப்பன் வந்தான். வேலைச் சட்டை நனைந்திருந்தது. அவன் நேராகக் கட்டிலருகே குனிந்து, கங்கம்மாளின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். முகத்தில் அந்த வெளிச்சம்.

“இன்னாங்க,” என்றாள் சம்பூர்ணம். “நான்.”

அவன் திரும்பிப் பார்த்தான். வந்திருக்கும் உறவுப் பெண்ணைப் பார்க்கும் மரியாதையோடு பார்த்தான்.

“எப்பம்மா வந்த? மூஞ்சே சரியில்லியே. நீ படு. ஒங்க அக்காவ நான் பாத்துக்கறேன்.”

கங்கம்மாள் பிடியை விட்டாள். சம்பூர்ணத்தின் முழங்கால் மடிந்தது. கட்டில் சட்டம் விலாவில் இடித்தது. கயிறு. சூடான கயிறு. சுவர்ப் பக்கத்துச் சிறு பள்ளம் அவளை உள்வாங்கிக்கொண்டது. எழ முயன்றாள். கை எழவில்லை. தண்ணீர் என்று சொல்ல முயன்றாள். முனகல்தான் வந்தது.

மாரியப்பன் கங்கம்மாளை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டான். அவள் தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டாள். உள்ளறை நிலையைக் கடந்தார்கள். வாசலைக் கடந்தார்கள். திறந்து கிடந்த கதவுகளின் வழியாகச் சம்பூர்ணம் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மழையில் அவன் மெதுவாக நடந்தான், நிதானமாக, குலுங்காமல். தெருத் திரும்பும்வரை, அவன் தோளுக்கு மேலாக, நனைந்த கூந்தலுக்கு நடுவே, அந்த இளம் முகம் இமைக்காமல் கட்டிலையே பார்த்துக்கொண்டு போயிற்று.