கை தூக்கினால் ஆபத்தில்லை

கடல் வெறிச்சோடிக் கிடக்க, திரையின் மூலையில் மட்டும் 'மனிதர்: 1' என்று காட்டியது. மதுவந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. விளக்கேற்றும் நேரத்து மங்கலும், ஏசியின் முனகலும், ஆறிப்போன டீயின் வாடையுமாக அந்த அடையாறு அலுவலகம் அவளை என்னவோ செய்தது.

கடலோரப் பாதுகாப்புக்காகப் பட்டினப்பாக்கம் கரையில் நிறுத்தியிருந்த கேமராவுக்குப் புத்தி சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அந்நியப் படகு வந்தால் அது அலற வேண்டும். அதுவோ, மீன்பிடிக்கப் போகிறவர்கள் கேலியாகக் கை தூக்கி ஆட்டினாலும் ஊரைக் கூட்டியது. தொல்லை தாங்காமல், கை தூக்கியவர் நம்மவர், ஆபத்தில்லை என்று அதைப் பழக்கிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை.

போன மாதம் அந்தக் கரையில் குடியிருக்கும் ஆரோக்கியமேரியின் புருஷன் படகு கவிழ்ந்து, கேமராவுக்கு நேரெதிரே கையைத் தூக்கித் தூக்கி முழுகிப்போனான். கேமரா அலறவில்லை. உடல் கரை ஒதுங்கவில்லை. பதிவைப் பார்த்த மதுவந்தி, பார்த்த கையோடு அதை அழித்தாள்.

"உங்க மிஷின்ல இன்னாவாவது தெரிஞ்சுதாம்மா?" என்று அலுவலக வாசலில் வந்து கேட்டாள் ஆரோக்கியமேரி.

"ஒண்ணும் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மதுவந்திக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அலைக்கு நடுவே ஒரு கை மெல்ல எழுந்து அசைந்தது. அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம். 'ஆபத்தில்லை.'

இந்தத் தடவையாவது காப்பாற்றிவிட வேண்டும். வயர்லெஸ்ஸில் ரோந்துப் படகை அனுப்பினாள். அதிலிருந்த கதிரேசனும் ஹஸனும் அந்த இடத்துக்குப் போய் நின்றார்கள்.

"இங்க யாரும் இல்ல மேடம்," என்றான் கதிரேசன். "தண்ணி மட்டும்தான் கீது."

திரையில் அந்தக் கை படகின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"கதிரேசன், திரும்பிடுங்க. உடனே."

"நாங்க தெரியறோமா, பாருங்க மேடம்," என்று ஹஸன் சிரித்தபடி கையைத் தூக்கினான். அவன்மேலும் பச்சைக் கட்டம் விழுந்தது.

"கையை இறக்குங்க ஹஸன்."

வயர்லெஸ்ஸில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அபாய மணியை அவளே அழுத்தலாம். அழுத்தினால், தானாக ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்கள். எல்லாம் வெளியே வரும். விரல் பொத்தானருகே போனது. நின்றது.

படகு காலியாக ஆடியது. அதைச் சுற்றி மூன்று கைகள், ஒரே சீராக, கேமராவைப் பார்த்து அசைந்துகொண்டிருந்தன.