மச்ச எழுத்து

காலை ஒன்பதரைக்குச் சரிபார்ப்பி மிஷினைத் துடைத்து, அச்சுத்தாளை அடுக்கி, "அடுத்தவர்" என்று கூப்பிட்டால் என் நாள் தொடங்கிவிடும். சிவகாசி எழுத்தகத்தில் பத்தொன்பது வருடமாக இதே சொல்தான். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

முகம், குரல், கைரேகை என எல்லாவற்றையும் கணினிகள் அச்சு அசலாகச் செய்யத் தொடங்கிய பிறகு, திரையில் தெரியும் எதையும் யாரும் நம்புவதில்லை. பழையபடி தாளுக்கே திரும்பினோம். ஆளுக்கொரு எழுத்துரு கொடுத்து, அதற்கு மெய்யெழுத்து என்று பெயரும் வைத்தார்கள். காசோலையானாலும் சரி, ஆபரேஷனுக்குத் தரும் சம்மத ஓலையானாலும் சரி, அவரவர் மெய்யெழுத்தில் அச்சடித்தால்தான் செல்லும்.

அந்த இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளில் ஒன்றில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோணல் இருக்கும். சட்டம் அதை 'மறு' என்கிறது. ஜனங்கள் மச்சம் என்கிறார்கள். எந்த எழுத்தில் மச்சம் என்பது அடுத்தவருக்குத் தெரியக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை இங்கே வந்து, எழுத்துப் பலகையில் அதைத் தொட்டுக் காட்டினால் புதுக் காசோலைப் புத்தகம் அச்சாகும். மூன்று வாய்ப்புகள் உண்டு.

அன்று வந்தவர்கள் பிரணவும் அவர் மனைவி ஹாசினியும். இந்த மாதிரிப் பெயர்களைக் கேட்டாலே எழுபதைத் தாண்டியவர்கள் என்று தெரிந்துவிடும். பிரணவின் சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன.

"நேத்து வரைக்கும் அவுகளுக்கு ஞாபகம் இருந்துச்சு சார்," என்றார் அந்த அம்மாள். பொய் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க எதுவும் சொல்லிறாதீங்கம்மா. மிஷின் கேட்டுக்கிட்டே இருக்கும்."

"தெரியும். தவறிட்டா என்ன சார் ஆகும்?"

அதுவும் அவருக்குத் தெரிந்ததுதான். என் வாயால் வேறு மாதிரி வராதா என்று கேட்கிறார். "எழுத்தற்றோர் பட்டியல்ல பேர் போயிரும். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி வரும். மதுரை இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

சொந்த வீட்டில் இருப்பதற்கும் சம்மத ஓலை வேண்டும். எழுத்தற்றவர் அதைத் தர முடியாது. அவருக்காக இன்னொருவர் தரவும் முடியாது.

"அங்க நானும் கூட இருக்கலாமா?"

"எழுத்து இருக்கவங்கள அங்க சேர்க்க மாட்டாங்கம்மா."

பிரணவ் முதலில் 'ழ'வைத் தொட்டார். மறந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் தொடுகிறார்கள், ஏனென்று தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்சம் யோசித்து, தன் பெயரின் முதலெழுத்தான 'பி'யைத் தொட்டார். மறுபடியும் சிவப்பு.

அப்போதுதான் அந்த அம்மாளைக் கவனித்தேன். அவர் பார்வை பலகையில் ஒரே இடத்தில் நின்றது. நான் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று மின்விசிறியைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். மச்சம் அடுத்தவருக்குத் தெரிந்திருந்தால் அது கசிவு. சந்தேகம் வந்த நொடியே நான் புகார் எழுத வேண்டும். நான் குனிந்து, அடுக்கிய தாள்களையே மறுபடி அடுக்கினேன். இந்த வேலையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

பிரணவின் விரல் பலகை முழுக்க அலைந்து, 'ச' வரிசைக்கு வந்து நின்றது. அந்த அம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டார். நானும்தான். விரல் இறங்கவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளியும் கவலை இல்லை.

"இதுக்கு எதுக்கு சார் என்னைப் போட்டுப் படுத்துறீங்க? இவகிட்ட கேளுங்க. கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டேனே. இவளுக்குத் தெரியும்."

பலகை அணைந்தது. சரிபார்ப்பி ஒரு சீட்டைத் துப்பியது: 'எழுத்து கசிந்தது. நிரந்தர ரத்து.'

அந்த அம்மாள் அழவில்லை. கணவரின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டார். பிறகு என்னிடம், "இனிமே சொன்னா தப்பில்லல்ல?" என்றார்.

"இல்லம்மா."

"'சி' சார். என் பேருக்கு நடுவுல வருதே, அது."

"ஆமா, சி!" என்று பிரணவ் குதூகலமாகச் சொல்லி, அணைந்த பலகையில் அதைத் தொட்டார். "சரியா?"

"சரிதான் அய்யா," என்றேன்.

நாலு மணிக்கு வண்டி வந்த சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் எனக்கும் புதுப்பிக்க வேண்டும். என் மச்ச எழுத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் இருந்ததும் இல்லை. இந்த ஊரிலேயே பத்திரமான எழுத்து என்னுடையதாகத்தான் இருக்கும்.

வரிசையில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

"அடுத்தவர்," என்றேன்.